மேலாண்மைப் பள்ளியும் நம் பிள்ளைகளும்

(தலித் மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தோழர்கள் பஞ்சமி நிலம், மயானப் பாதை, இரட்டை டம்ளர் என்று முப்பது வருஷமாக அலைந்தவர்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் கேட் தேர்வு எழுதிய, எழுதப்போகிற தம்பி தங்கச்சிகள். முன்வரிசைக்குப் பின்வரிசை மேல் ஒரு சந்தேகம் உண்டு, எனக்குத் தெரியும். எம்.பி.ஏ. படிச்சிட்டு முதலாளிக்குக் கணக்கெழுதப் போற புள்ளைங்களுக்கு இயக்க மேடை எதுக்கு? பின்வரிசையின் கவலை வேறு. இந்த அக்கா அரசியல் பேசி முடிக்கறதுக்குள்ள நமக்கு எந்த ஸ்கூல்னு சொல்லுவாங்களா? சொல்கிறேன். ஆனால் அரசியல் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

போன மாதம் கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். அப்பா முந்திரிக் காட்டில் கூலி. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து, அரசுப் பொறியியல் கல்லூரியில் முடித்து, இரண்டாவது தடவை கேட் எழுதி மூன்று இடத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார். பழைய ஐ.ஐ.எம். ஒன்று, புதிய ஐ.ஐ.எம். ஒன்று, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். "அக்கா, எதுல சேர்றது? பேங்கிங் போறவங்களுக்கு எது நல்லது, கன்சல்டிங் போறவங்களுக்கு எது நல்லது?" ஒரு மணி நேரம் பேசினோம். அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே பேசுகிறேன்.

முதலில் இந்த இரண்டு சொல்லும் என்ன என்று முன்வரிசைக்குச் சொல்லிவிடுகிறேன். நம்ம தெருவில் பேங்க் வேலை என்றால் கவுன்டர், பாஸ்புக், நகைக் கடன். மேலாண்மைப் பள்ளி வளாகத்தில் பேங்கிங் என்றால் யாரும் அதை நினைப்பதில்லை. அங்கே அது இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்கும்போது என்ன விலைக்கு விழுங்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது, பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டித் தருவது, அதில் தன் கமிஷனை எடுத்துக்கொள்வது. கன்சல்டிங் என்பது ஆலோசனை சொல்லிக் காசு வாங்குவது. மெக்கின்சி 1926-ல் சிகாகோவில் தொடங்கியது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1963-லும் பெயின் 1973-லும் வந்தவை. வளாகத்தில் இந்த மூன்று பெயரையும் பையன்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள், குலசாமி பேரைச் சொல்வது மாதிரி.

இது ஏதோ நமக்குச் சம்பந்தமில்லாத உலகம் என்று நினைக்க வேண்டாம். பாபாசாகேப் 1913-ல் கொலம்பியாவுக்குப் படிக்கப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. சும்மா இல்லை, திரும்பி வந்து பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்த பணம். 1917-ல் வந்து வேலையில் சேர்ந்தார். தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாய் திரும்பியவர், பங்குகளில் முதலீடு செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். இன்றைய மொழியில் சொன்னால் பேங்கிங்கும் கன்சல்டிங்கும் சேர்ந்த வேலை. அவர் யார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். தொழில் படுத்துவிட்டது. அவர் சொன்ன கணக்கு தப்பு என்று எவனும் போகவில்லை, கணக்குச் சொன்ன வாய் எந்தத் தெரு வாய் என்று தெரிந்து போனான். அடுத்த வருஷம் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்களே மறுப்புத் தெரிவித்தார்கள். அந்த மனுஷன்தான் 1923-ல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றிப் புத்தகம் போட்டார்.

இதை எதற்குச் சொன்னேன் என்றால், கன்சல்டிங்குக்கும் பேங்கிங்குக்கும் நம்மைப் பொறுத்தவரை உள்ள வித்தியாசம் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆலோசனை என்கிற சரக்கைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. வாங்குகிறவன் விற்கிறவனின் முகத்தை, உச்சரிப்பை, சட்டையைப் பார்த்து விலை போடுகிறான். அதனால் கன்சல்டிங் கம்பெனிகள் ஆளெடுக்கும்போது அறிவை மட்டும் பார்ப்பதில்லை. "நம்ம வாடிக்கையாளர் முன்னால இந்தப் பையனைக் கொண்டுபோய் உட்கார வைக்கலாமா?" என்று பார்க்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் ஃபிட். பொருந்துமா. யாரோடு பொருந்துமா என்பதை யாரும் சொல்வதில்லை.

நானே இந்த நேர்காணல்களில் உட்கார்ந்தவள்தான். கேஸ் இன்டர்வியூ என்று ஒன்று நடத்துவார்கள். ஒரு பிரச்சினையைக் கொடுத்து, பேசிக்கொண்டே தீர்க்கச் சொல்வார்கள். ஒரு கம்பெனியில் என்னிடம் கேட்ட கேள்வி: ஒரு கிராமத்து டீக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்? நான் திருப்பிக் கேட்டேன், ஊர்த்தெருக் கடையா, காலனிக் கடையா என்று. அந்த ஆளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஊர்த்தெருக் கடை என்றால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் போக மாட்டார்கள், போகிறவர்களும் உட்கார்ந்து இரண்டாவது டீ சொல்ல மாட்டார்கள், ஆகவே தலைக்கு எத்தனை டீ என்பது தெருவுக்குத் தெரு மாறும் என்றேன். "இன்ட்ரஸ்டிங்" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. சந்தையைப் பிரித்துப் பார், எல்லா வாடிக்கையாளரும் ஒன்று இல்லை என்று அவர்கள் பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் எழுதியிருப்பதைத்தான் நான் சொன்னேன்.

அந்த நேர்காணலுக்குப் போவதற்கே முன்னால் இரண்டு வடிகட்டி இருக்கிறது. ஒன்று சி.வி. பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க், எந்தக் கல்லூரி, என்ன பரிசு, எந்த மன்றத்தில் தலைவர். நம்ம பிள்ளை பதினைந்து வயதில், கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டல் சோற்றைத் தின்றுகொண்டு வாங்கிய மார்க், இருபத்து நாலு வயதில் வந்து வாசலில் நிற்கும். சில கம்பெனிகளின் படிவத்தில் கேட் மதிப்பெண்ணையும் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். சேர்க்கைக்கு வைத்த தேர்வு, சேர்ந்தபிறகு எதற்கு? அதைப் பார்த்தால் யார் எந்தப் பிரிவில் வந்தது என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். இன்னொரு வடிகட்டி, பழகும் குழு. கேஸ் பயிற்சி தனியாகச் செய்ய முடியாது, ஐந்தாறு பேர் சேர்ந்து ராத்திரி ராத்திரி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். ஒரே ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தவர்கள், ஒரே டெல்லிக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் முதல் வாரமே சேர்ந்துவிடுவார்கள். உன்னை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூப்பிட மறந்துவிடுவார்கள்.

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் மட்டும் சமத்துவபுரமா என்று கேட்பீர்கள். இல்லை. அங்கேயும் மார்க் பார்க்கிறார்கள், அங்கேயும் அப்பா யார், மாமா எந்தக் கம்பெனி டைரக்டர் என்பது வேலை செய்கிறது. சொல்லப்போனால் வாடிக்கையாளரைக் கொண்டுவருகிற மேல்மட்டத்தில் உறவுதான் மூலதனம். ஆனால் வாசலில் கேட்கிற கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. இந்தக் கம்பெனியின் கடன் கூடினால் பங்கின் மதிப்பு என்ன ஆகும், தேய்மானம் ஏறினால் மூன்று கணக்கு அறிக்கையிலும் எங்கெங்கே மாறும். இதை நூலகத்தில் உட்கார்ந்து தனியாளாகப் படித்துக்கொள்ளலாம். சரியான விடை சொன்னால் உச்சரிப்பைக் காட்டி அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. விடை உள்ள கேள்வி கேட்கிற இடத்தில் நம்ம பிள்ளைக்குப் பிடிமானம் அதிகம். இது என் கருத்து. வேறு மாதிரி நினைக்கிற நண்பர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் உன் தாழ்வு மனப்பான்மை என்று வகுப்புத் தோழர்கள் என்னிடம் சொன்னது உண்டு. 2007-ல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி, தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தலித் என்று தெரிகிற பெயருக்கு அழைப்பு குறைந்தது. அதே வருஷம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் கம்பெனிகளின் ஆளெடுக்கும் அதிகாரிகளைப் போய்ப் பார்த்துப் பேசினார்கள். சாதியா, நாங்களா, தகுதி மட்டும்தான் என்று சொன்னவர்களே நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் சொன்னார்கள். 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு நாட்டின் முன்னணி 1000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை எடுத்துப் பார்த்தது. 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 3.5 சதவீதம். இதுவும் என் மனப்பான்மையா?

தகுதி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மெக்கின்சியின் உலகத் தலைவராக ஒன்பது வருஷம் இருந்தவர் ரஜத் குப்தா. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். ஐதராபாத்தில் இருக்கிற ஐ.எஸ்.பி.யைத் தொடங்கியவர்களில் ஒருவர். கன்சல்டிங், பேங்கிங், பிசினஸ் ஸ்கூல் மூன்றுக்கும் ஒரே ஆள் உதாரணம். இயக்குநர் குழுவின் ரகசியத்தை வெளியே சொன்ன வழக்கில் 2012-ல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தது. அதற்காக அவர் சாதிக்காரர்கள் யாருக்காவது வேலை கிடைக்காமல் போனதா? நம்மில் ஒருவர் ஒரு பரீட்சையில் தோற்றால் இட ஒதுக்கீடே தோற்றதாகச் சொல்வார்கள்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். ஐ.ஐ.எம். என்பது தனியார் சொத்து இல்லை. கல்கத்தாவும் அகமதாபாத்தும் 1961-ல், பெங்களூர் 1973-ல், லக்னோ 1984-ல், நம்ம திருச்சி 2011-ல், எல்லாம் மக்கள் பணத்தில் வந்தவை. 15 சதவீதம் பட்டியல் சாதிக்கு, ஏழரை சதவீதம் பழங்குடிக்கு. இந்தக் கணக்கு 2006 சட்டத்தில் எழுதியிருக்கிறது. பட்டப்படிப்பில் மற்றவர்களுக்கு 50 சதவீதம், நமக்கு 45 இருந்தால் கேட் எழுதலாம். ஆக உள்ளே போகிற கதவு திறந்திருக்கிறது. ஆனால் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் பாடம் நடத்துகிறவர்களில் நம்மவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2019-ல் ஆசிரியர் பணியிடங்களுக்கும் ஒதுக்கீடு என்று சட்டம் வந்ததும், எங்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஐ.ஐ.எம்.கள் அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதின. மாணவனாக வா, வாத்தியாராக வராதே.

கட்டணத்தைப் பாருங்கள். 2004 பிப்ரவரியில் மத்திய அமைச்சராக இருந்த முரளி மனோகர் ஜோஷி, வருஷத்துக்கு ஒன்றரை லட்சமாக இருந்த ஐ.ஐ.எம். கட்டணத்தை 30,000 ஆகக் குறைக்க உத்தரவு போட்டார். அவர் மேல் எனக்கு எந்த மரியாதையும் கிடையாது. பள்ளிகளைக் கைக்குள் வைத்துக்கொள்ளத்தான் அதைச் செய்தார் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். தன்னாட்சி போச்சு என்று பத்திரிகைகள் அழுதன. ஆட்சி மாறியது, உத்தரவு போனது. அந்த ஒன்றரை லட்சம் ஏறி ஏறி, இன்றைக்குப் பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருஷத்துக்கு 25 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. கட்டணம் கூட வேண்டுமா வேண்டாமா என்ற அந்தச் சண்டையில் முந்திரிக் காட்டுக் கூலிக்காரர் மகனை யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் தம்பிக்கு நான் சொன்ன முக்கியமான விஷயம் வருகிறது. பேங்கிங்கா கன்சல்டிங்கா என்பதை நீ தேர்ந்தெடுக்கப் போவதாக நினைக்கிறாய். கடன் வாங்கிக்கொண்டு போனால் அந்தக் கடன்தான் தேர்ந்தெடுக்கும். 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்று வச்சுக்கங்க. மாதம் 25,300 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கிற காலத்து வட்டி இதில் சேரவில்லை. ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480. அதில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். வீட்டுக்கு என்ன அனுப்புவது, தங்கச்சி படிப்புக்கு என்ன செய்வது? முதல் வரிசைப் பள்ளிகளுக்கு வங்கிகள் அடமானம்கூடக் கேட்காமல் கடன் கொடுக்கின்றன. உன் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, நீ எந்தச் சம்பளத்துக்குத்தான் போயாக வேண்டும் என்று தெரிந்து கொடுக்கிறது.

நான் கன்சல்டிங் கம்பெனிக்குப் போனது விரும்பியும் இல்லை, வெறுத்தும் இல்லை. கடன் போகச் சொன்னது, போனேன். மூன்று வருஷத்தில் அடைத்தேன். பிறகு தேர்வு எழுதி அரசு வங்கிக்கு வந்தேன். இப்போது கடன் பிரிவில் இருக்கிறேன். அந்த மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டது நிறைய, அதை மறுக்க மாட்டேன். ஒரு அறுபது பக்க அறிக்கையில் எந்தப் பக்கத்தில் பொய் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அங்கேதான் படித்தேன்.

ஆகவே பள்ளியைத் தேர்வு செய்யும்போது பத்திரிகைகள் போடுகிற தரவரிசையைக் கையில் எடுக்காதே, முதலில் உதவித்தொகையை விசாரி என்றேன். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்கிற பட்டியல் சாதி மாணவர்களுக்கு, பட்டியலில் உள்ள அரசு நிறுவனங்களில் கல்விக் கட்டணம் முழுதும் வரும். ஐ.ஐ.எம்.கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஒரு பள்ளிக்கு இத்தனை இடம் என்று அளவு இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. சேருவதற்கு முன்னாலேயே அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்: போன வருஷம் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், பணம் எந்த மாதம் வந்தது, அதுவரை கட்டணம் கட்டச் சொல்லி நெருக்குவீர்களா. பதில் எழுத்தில் வரட்டும். எழுத்தில் வந்தால் பழைய ஐ.ஐ.எம்.முக்குப் போ. வரவில்லை என்றால் எஃப்.எம்.எஸ். அங்கே இரண்டு வருஷத்துக் கட்டணம் மூன்று லட்சத்துக்குள். அதே பேங்குகளும் அதே கன்சல்டிங் கம்பெனிகளும் அங்கேயும் வருகின்றன. கடன் இல்லாதவனால் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியும். புதிய ஐ.ஐ.எம். கட்டணமும் அதிகம், முதல் வரிசைக் கம்பெனிகளும் குறைவாகத்தான் வரும். அதை மூன்றாவதாக வைத்தோம். ஐ.எஸ்.பி.யில் ஒதுக்கீடே கிடையாது, கட்டணம் ஐ.ஐ.எம்.மைவிட மேலே. ஊருக்கு ஊர் இருக்கிற சுயநிதிக் கல்லூரி எம்.பி.ஏ.வைப் பற்றி ஒரு வார்த்தை. வளாகத் தேர்வு என்று போர்டு போட்டு, கடைசியில் வீடு வீடாக ஏறி கிரெடிட் கார்டு விற்கிற வேலைக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் போவதைவிட டான்செட் எழுதி அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ சென்னைப் பல்கலைக்கழகத்துக்கோ முயற்சி செய்யலாம்.

இன்னொன்று, நேரம். வளாகத்துக்குப் போய் ஆற அமர யோசித்து முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஜூனில் சேருவீர்கள். அக்டோபர், நவம்பரிலேயே கோடைப் பயிற்சிக்கு ஆளெடுக்க கம்பெனிகள் வந்துவிடும். அந்த இரண்டு மாதப் பயிற்சியில் பிடித்துப்போனால் அங்கேயே நிரந்தர வேலை. ஆக இரண்டு வருஷப் படிப்பின் தலைவிதி முதல் நாலைந்து மாதத்தில் எழுதப்படுகிறது. டெல்லி, பம்பாய்ப் பையனுக்கு அவன் அண்ணன், அத்தை மகன் எல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். நம்ம பிள்ளை ஜூலையில்தான் இந்தச் சொற்களையே முதல் முதலாகக் கேட்கும். அனுமதி கிடைத்த நாளிலிருந்து சேருகிற நாள் வரை இருக்கிற இடைவெளியில் கணக்கியலும் நிதியியலும் அடிப்படை படித்துவிடுங்கள். அங்கே முன்னால் படித்த நம்மவர்கள் இரண்டு பேர் நம்பராவது வாங்குங்கள். எஸ்.சி./எஸ்.டி. பிரிவு என்று ஒன்று அங்கே நிஜமாக இயங்குகிறதா, போர்டு மட்டும் தொங்குகிறதா என்று அவர்களிடம்தான் தெரியும்.

தம்பி கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். கல்லூரியில் அம்பேத்கர் வாசகர் வட்டச் செயலாளராக இருந்தேன், அதை சி.வி.யில் போடலாமா, சாதி தெரிஞ்சிடாதா அக்கா? எண்பது பேரைச் சேர்த்து, பணம் வசூலித்து, அனுமதி மறுத்த நிர்வாகத்தோடு பேசி, கூட்டம் நடத்தியிருக்கிறார். தலைமைப் பண்புக்கு இதைவிட என்ன வேண்டும்? இசைக் குழுவை நடத்தியவன் அதைக் கொட்டை எழுத்தில் போடுகிறான். போடு என்றேன். ஆனால் போட்டுக் கஷ்டப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதையும் சொன்னேன். முடிவை அவரிடமே விட்டேன். வெளியே நின்று வீரம் பேசுவது சுலபம், தவணை கட்டப் போகிறவர் அவர்.

இப்போது முன்வரிசைத் தோழர்களுக்கு. ஏன் இந்த வேலைகளுக்கு நம்ம பிள்ளைகள் போக வேண்டும்? தலித் முதலாளித்துவம் என்று 2002 போபால் பிரகடனத்திலிருந்து ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துப் பேர் பணக்காரர் ஆனால் சேரி விடுதலை ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. நான் பார்ப்பது வேறு. 1999-ல் ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு அரசு விஷன் 2020 என்று ஒரு திட்டம் வெளியிட்டது. அதைத் தயாரிக்க உதவியது மெக்கின்சி. விவசாயத்தில் இருக்கிற ஜனங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அதில் ஒரு குறிக்கோள். குறைக்கப்படப் போகிறவர் யார்? நிலமில்லாத கூலியும் அரை ஏக்கர் வைத்திருப்பவரும். 2001-ல் மேடக் மாவட்டத்தில் சிறு விவசாயிகள், பெரும்பாலும் பெண்கள், பிரஜாதீர்ப்பு என்று மக்கள் நீதிமன்றம் மாதிரி உட்கார்ந்து, அந்தத் திட்டத்தை விசாரித்து வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மகத்தான காரியம். ஆனால் திட்டம் எழுதப்பட்டபோது அந்த அறையில் அவர்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளைகூட இல்லை. கணினியில் அந்த அட்டவணையைத் தட்டியது மேலாண்மைப் பள்ளி முடித்த இருபத்தைந்து வயதுப் பையன்களாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியும், நானும் அப்படி அட்டவணை தட்டியவள்தான்.

வங்கிப் பக்கமும் அப்படியே. 2016-ல் ஸ்டாண்ட் அப் இந்தியா என்று ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை தொழில் கடன் தர வேண்டும் என்றார்கள். கடன் மேசையில் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் வரும். அதிகாரி வீட்டை அடமானம் கேட்பார். வீடு காலனியில் இருக்கும், ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. அந்தப் பட்டாவை அடமானமாக எடுத்துக்கொள்ள சட்டப் பிரிவு தயங்கும். சொந்தப் பட்டாவாகவே இருந்தாலும் மதிப்பீட்டாளர் போடுகிற விலை ஊர்த்தெரு வீட்டில் பாதிகூட வராது. ஏன் என்று கேட்டால், ஏலம் விட்டால் வாங்க வெளியாள் வர மாட்டான் மேடம் என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. அதுதான் சாதிக்குச் சந்தை போடுகிற விலை. கோப்பில் இது 'போதிய பிணை இல்லை' என்று மூன்று சொல்லில் முடிந்துவிடும். அந்த மூன்று சொல்லுக்குள் ஒரு தெருவே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தால், கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் பிணை இல்லாமல் கொடுக்கலாம் என்ற சுற்றறிக்கையை எடுத்து முன்னால் வைப்பார். இல்லையென்றால் கோப்பு மூடிவிடும். இந்த மேசைக்கு வர ஐ.ஐ.எம். வேண்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.பி.எஸ்., ஸ்டேட் பேங்க், ரிசர்வ் வங்கியின் கிரேடு பி, எல்லாம் பட்டப்படிப்பு முடித்தவர் எழுதலாம், நம் ஒதுக்கீடு உண்டு. பம்பாய்க் கண்ணாடி மாளிகைகளில்தான் ஒதுக்கீடு கிடையாது. அங்கே போகத்தான் மேலாண்மைப் பள்ளி என்கிற சுற்றுவழி தேவைப்படுகிறது. 25 லட்சம் கடன் வாங்கிக்கொண்டு அரசு வங்கிக்கு வருவது கணக்குக்குக் கட்டாது.

கடைசியாக ஒரு வேலை, முன்வரிசைத் தோழர்களுக்கு. சேர்க்கை நேரத்தில் நம்ம பிள்ளைகள் அதிகம் அலைவது பாடத்துக்காக இல்லை, சான்றிதழுக்காக. சாதிச் சான்று, வருமானச் சான்று, அவர்கள் கேட்கிற படிவத்தில், இந்தத் தேதிக்குள். ஏப்ரல், மே மாதத்தில் முடிவு வரும், ஜூனில் கல்லூரி திறந்துவிடும். தாலுகா அலுவலகத்தில் தனியாகப் போய் நிற்கிற பையனுக்கு நாளைக்கு வா என்பார்கள். உங்களில் ஒருவர் கூடப் போய் நின்றால் அன்றைக்கே கையெழுத்தாகும், நிலப் பிரச்சினைக்காக அந்த வராண்டாவில் நின்று பழகியவர்கள் நீங்கள். இந்த வருஷம் கேட் எழுதுகிறவர்கள், தேநீர் இடைவேளையில் பெயர், ஊர், தாலுகா, கைபேசி எண் எழுதி மேசையில் இருக்கிற நோட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும். நமக்குக் கட்டணம் பாதிதான், அதற்கும் சாதிச் சான்று கேட்பார்கள். கையில் இல்லாதவர்கள் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள்.